மூன்று முறை நின்ற கல்யாண லாரி

அத்தை கல்யாணத்துக்கு லாரியில் போகப் போகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்றவர்கள் வீட்டுப் பெண்கள் மாட்டு வண்டியிலோ ஜட்காவிலோ போவார்கள். எங்கள் அத்தை லாரியில் போகிறாள்! எனக்கு அப்போது ஒன்பது வயசு. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் ராயபுரத்தில் குடியிருந்தோம்.

என் நைனா உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து மூட்டை ஏற்றிவந்து ராயபுரத்தில் ரயிலடியில் இறக்குவது அவர் வேலை. வெள்ளைக்காரர் காலத்து டீசல் வண்டி அது. டீசலை அப்போது குரூடாயில் என்றுதான் சொல்லுவார்கள். மூக்கு நீண்டு, கண் இரண்டும் துருத்திக்கொண்டு, பெரிய தவளை மாதிரி இருக்கும். தங்கச்சி கல்யாணம் என்று நைனா கேட்டதும் முதலாளி ஒரு நாளைக்கு விட்டுக் கொடுத்துவிட்டார். முதல் நாள் நைனா மூன்று தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அப்படியும் பின்னால் உட்கார்ந்தவர்கள் உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது.

அத்தை நைனாவின் கடைசித் தங்கை. இருபத்திரண்டு வயசு ஆகியும் கல்யாணம் கூடவில்லை. அந்தக் காலத்தில் அது பெரிய வயசு. இரண்டு இடம் பேசி முடித்து, இரண்டும் சகுனத்தினால் கலைந்துபோயின. ஒரு இடத்தில் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுக் குத்துவிளக்கு சாய்ந்துவிட்டது. இன்னொரு இடத்தில் தட்டு மாற்றப் போன அன்று எதிரே பிணம் வந்ததாம். அதனால் இந்த மூன்றாவது இடம் எப்படியாவது கைகூட வேண்டுமே என்று அம்மா திருவொற்றியூர் அம்மனுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டாள். மாப்பிள்ளைக்கு எண்ணூர். உப்பளத்துக்குக் கடல் தண்ணீர் இறைக்கிற ஆயில் இஞ்சினை ஓட்டுகிறவர். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில்தான் தாலி கட்டு. பெண்ணை நாங்கள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. அதை விட்டால் மறுபடி நாள் பார்க்க வேண்டும். நாள் தப்பிய கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் நடத்த ஒப்புவார்களா என்பது அம்மனுக்குத்தான் தெரியும்.

விடிந்ததும் லாரிக்குப் பூசை. எங்களில் பெண் ஏறுகிற வண்டிக்குக் கன்னிப்பெண் கையால் ஐந்து இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். வீட்டில் கன்னிப்பெண் நான்தானே! நாலு சக்கரத்துக்கும் முன் மூக்குக்கும் வைத்தேன். கிண்ணத்தில் சந்தனம் நிறைய மிச்சம் இருந்தது. லாரிக்கு வாய் எது என்று யோசித்தேன். நைனா இடது பக்கத்துக் கதவுக்குக் கீழே இருக்கிற டாங்கியின் மூடியைத் திறந்து அதற்குக் குரூடாயில் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். சாப்பாடு போகிற வாயை விட்டுவிட்டால் சாமி குத்தம் ஆகாதா? மிச்சச் சந்தனத்தை மொத்தமாக அள்ளி அந்த மூடியின் தலையில் அப்பி, நடுவில் ரூபாய் அளவுக்குக் குங்குமமும் வைத்தேன். அழகாக இருந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று வருத்தமாகக்கூட இருந்தது.

ஏழு மணிக்குத் தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம். பின்னால் பெரியப்பா, அம்மா, சீர்த்தட்டுகளோடு பெண்டுகள், பிள்ளைகள். முன்னால் நைனா, நடுவில் நான், இடது ஜன்னல் ஓரம் அத்தை. வீட்டிலிருந்து ஏறின பெண் மாப்பிள்ளை வாசலில்தான் காலைத் தரையில் வைக்க வேண்டும் என்பதால் அவளைத் தூக்கியே ஏற்றினார்கள். அத்தை தலையைக் குனிந்துகொண்டு விரலை மடக்கி மடக்கி அம்மனின் நூற்றெட்டுப் போற்றியை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நான் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கையை ஆட்டினேன்.

சுங்கச்சாவடி தாண்டினோமோ இல்லையோ, லாரி முனகியது. நைனா காலால் மிதிக்க மிதிக்க அதன் குரல் இறங்கிக்கொண்டே போய், ஓரமாக நின்றுவிட்டது.

"இன்னாடா இது, வூட்டாண்ட இருந்து கெளம்பி அர மணி ஆவல, அதுக்குள்ள குந்திகிச்சி?" என்று பெரியப்பா பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"ஒண்ணுமில்ல அண்ணாத்தே. பில்டர்ல குப்ப புடிச்சிருக்கும். அஞ்சி நிமிசம்."

நைனா முதலில் டாங்கி மூடியைத் திருகித் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. மூடிவிட்டு, முன்னால் போய் பில்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினார். பிறகு ஒரு திருகாணியைத் தளர்த்திவிட்டுப் பம்பின் கைப்பிடியை மேலும் கீழும் அடித்தார். குழாயில் காற்று புகுந்துவிட்டால் டீசல் வண்டி ஓடாது, அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே அடித்தார். திருகாணி ஓரம் சோப்பு நுரை மாதிரிக் கொப்புளித்து, அப்புறம் நுரையில்லாமல் சுத்தமாக எண்ணெய் வந்தது. இறுக்கி முடுக்கினார். லாரி உறுமியது! நாங்கள் எல்லோரும் குலவை போட்டோம்.

திருவொற்றியூர் தேரடி தாண்டினதும் மறுபடி அதே முனகல். மறுபடி நின்றது.

"மாட்டு வண்டி வெச்சிருந்தா இந்நேரம் பந்தியில குந்திகினு அப்பளத்த நொறுக்கிகினு இருக்கலாம்" என்றாள் பின்னாலிருந்து ஒரு கிழவி.

"ஆயா, நீ எறங்கித் தள்ளு, ஓடும்" என்றார் நைனா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கழுத்தில் வியர்வை ஓடியது. இந்த முறையும் முதலில் மூடியைத் திறந்து, எண்ணெய் ஒழுகிவிட்டதோ என்று குச்சி விட்டுப் பார்த்தார். ஒழுகவில்லை. தண்ணீர் கலந்திருக்குமோ என்று கொஞ்சம் பாட்டிலில் பிடித்து வெயிலில் காட்டினார். தண்ணீரும் இல்லை. மறுபடி கைப்பம்பு, மறுபடி நுரை, மறுபடி உறுமல். எனக்கானால் உற்சாகம் தாங்கவில்லை. லாரி ஒவ்வொரு தடவை செத்து எழுந்திருக்கும்போதும் தேர் நிலையை விட்டுக் கிளம்புகிற மாதிரி இருந்தது.

எர்ணாவூரைத் தாண்டி, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் சவுக்குத் தோப்புமாக இருந்த இடத்தில் மூன்றாவது தடவை நின்றது.

இந்தத் தடவை நைனா சிரிக்கவில்லை. எண்ணெய் இருப்பதுதான் தெரியுமே என்று நேராக முன்னால் ஓடித் திருகாணியைத் தளர்த்தினார். கைப்பிடியை அடித்தார், அடித்தார், நுரைகூட வரவில்லை. ஒரு சொட்டு வரவில்லை. முடுக்கிப் பார்த்தார். லாரி இருமக்கூட இல்லை.

"பம்பு பூட்ச்சி" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். "ராயபுரம் போய் வேற பம்பு கொண்டாரணும்."

போய்வர மத்தியானம் ஆகிவிடும். முகூர்த்தம் தப்பிவிடும். பெரியப்பா இறங்கி வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மன் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மூணு தபா நின்னு பூட்ச்சி. இதுக்கு மேல இன்னாடா வோணும்? ஆத்தா வேணான்னு சொல்றா. பொண்ண வூட்டுக்கு இட்டுகினு போய்டலாம்."

"அண்ணாத்தே, அதுக்குள்ள அப்படி சொல்லாத" என்று நைனா கெஞ்சினார்.

"குத்துவௌக்கு சாஞ்சப்பயும் நீ அப்படித்தான் சொன்ன."

அத்தை போற்றியை நிறுத்திவிட்டாள். மடக்கிய விரல் மடக்கியபடியே இருந்தது. 

அப்போதுதான் எண்ணூர்ப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் சந்தனமும் திருஷ்டிப் பொட்டுமாக, மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு ஒருவர் தலை தெறிக்க மிதித்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை! காப்புக் கட்டின மாப்பிள்ளை வாசல் தாண்டக்கூடாது. தாலி கட்டுகிற வரைக்கும் பெண் முகத்தைப் பார்க்கக்கூடாது. பெண்ணும் அவரோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. பெண்டுகள் எல்லாம் "ஐயையோ" என்று கத்தினார்கள். அம்மா பெட்டியிலிருந்து ஒரு புடவையை உருவிக்கொண்டு குதித்து ஓடிவந்து, இன்னொரு பெண்ணோடு சேர்ந்து அத்தையின் ஜன்னலுக்கு முன்னால் திரையாகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாபா நீ, காப்பு கட்டிகினு ரோட்ல சைக்கிள் வுட்டுகினு வர்ற?" என்றார் பெரியப்பா.

"உப்பு வண்டிக்காரன் ஒர்த்தன் சொன்னான், கல்யாண லாரி எர்ணாவூராண்ட நிக்கிதுன்னு. வூட்ல யாருக்கும் தெரியாது, கொல்ல வழியா வந்துட்டேன். இஞ்சினு நமக்குத் தெரிஞ்ச விசயம்தானே?"

நைனா தாம் செய்ததையெல்லாம் சொன்னார். பில்டர் கழுவியாச்சு, காற்று எடுத்தாச்சு, தண்ணீர் இல்லை, பம்புதான் போச்சு. மாப்பிள்ளை கைப்பம்பை அடித்துப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"பம்பு நல்லா கீதே. வண்டி நிக்கறதுக்கு முன்னாடி சத்தம் எப்படி இருந்திச்சி?"

"எனுக்கு இருந்த பேஜார்ல சத்தத்த யார் கேட்டாங்க?" என்றார் நைனா.

அத்தை மெதுவாக என் காதில், "நான் கேட்டேன்னு சொல்லு" என்றாள்.

இப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்தது. அத்தை பேசக்கூடாது, மாப்பிள்ளை பார்க்கக்கூடாது. நான் வண்டிப் படியில் இறங்கித் திரையைச் சுற்றிப் போய் மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்பதை வாங்கிக்கொண்டு படி ஏறி அத்தையிடம் சொல்ல வேண்டும். என் பாவாடைக் கொசுவத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு குரங்கு மாதிரி ஏறினேன், இறங்கினேன்.

"டக்குனு நின்னுச்சா, இழுத்துகினு நின்னுச்சான்னு உங்க அத்தைய கேளு."

"இழுத்துகினுதான் நின்னுச்சாம். பசியெடுத்த கொழந்த மொதல்ல முனகும், அப்பறம் குரலே எழும்பாதே, அந்த மாரியாம்."

"எந்த மாரி?"

"பசியெடுத்த கொழந்த மாரி!" என்று கத்தினேன்.

"சரியா புரியல. இன்னொரு தபா கேட்டுகினு வா."

நான் மறுபடி ஏறினேன். அத்தை மறுபடி, அதே வார்த்தையை, இன்னும் கொஞ்சம் நிதானமாகச் சொன்னாள். இறங்கி வந்து சொன்னேன். இப்போது புரிந்தது போல் தலையாட்டினார்.

"ஒவ்வொரு தபாவும் எவ்ளோ நேரம் ஓடிச்சாம்?"

வண்டியில் ஏது கடிகாரம்? ஆனால் அத்தை சொன்னாள்: வீட்டிலிருந்து புறப்பட்டதும் போற்றி சொல்ல ஆரம்பித்தாளாம். இரண்டு சுற்று முடிந்து மூன்றாவது சுற்றுப் பாதியில் வண்டி நின்றது. மறுபடி கிளம்பினதும் முதலிலிருந்து ஆரம்பித்தாளாம். அப்போதும் மூன்றாவது சுற்றுப் பாதியில் நின்றது. இந்தத் தடவையும் அதே.

மாப்பிள்ளை மூன்று விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"கணக்கா நிக்கிதே. அப்போ குப்ப இல்ல, ஓட்ட இல்ல. வண்டி நின்னதும் உங்க நைனா மொதல்ல இன்னா பண்ணாரு, கேளு."

அத்தைக்கு இதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. டாங்கி அவள் ஜன்னலுக்குக் கீழேதானே இருக்கிறது. "மொத ரெண்டு தபாவும் மூடியத் தொறந்தாரு. தொறக்கும்போது சோடா பாட்டில் ஒடைக்கற மாரி உஸ்ஸுனு சத்தம் வந்திச்சி. அப்பறம் வண்டி கெளம்பிச்சி. இந்த தபா மூடியத் தொறக்கல. வண்டியும் கெளம்பல. இதச் சொல்லு."

நான் பாதிப் படி இறங்குவதற்குள் மாப்பிள்ளை "அடடா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். நான் மூச்சு வாங்க அதைச் சொல்லி முடித்தபோது அவர் ஏற்கெனவே மூடியில் கை வைத்திருந்தார். திருகினார். உஸ்ஸ்ஸ் என்று லாரி பெருமூச்சு விட்டது. எல்லோருக்கும் கேட்டது.

"எண்ணெய் கொறயக் கொறய உள்ள காத்து போவணும் மச்சான். அதுக்குத்தான் மூடியில ஊசி மொன மாரி தொள ஒண்ணு இருக்கும். அது அடச்சிகிச்சின்னா டாங்கி மூச்சப் புடிச்சிக்கும், பம்பு இழுத்தா எண்ணெய் வராது."

"தாலியே கட்டல, அதுக்குள்ள மச்சானாம்!" என்றார் பெரியப்பா. ஆனால் அவர் குரலில் பழைய கோபம் இல்லை.

மாப்பிள்ளை மூடியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தொளை தெரியவில்லை. நைனா இரண்டு தடவை திறந்தும் பூசைப் பொட்டுதானே என்று விட்டுவிட்ட சந்தனம் தெரிந்தது. உப்புக் காற்றிலும் இஞ்சின் சூட்டிலும் காய்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிப்போன சந்தனம். அதன் நடுவில் ரூபாய் அளவுக்குக் குங்குமம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நகக்கண்ணில் இன்னும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. நைனா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அத்தை கல்யாணத்தைக் கெடுத்த பாவி நான்தான் என்று வாய் விட்டு அழுதேன்.

"வுடு மச்சான்" என்று மாப்பிள்ளை என்னைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "பக்தியில பண்ணது. பொட்டு வெச்சது தப்பில்ல கண்ணு, வாயில வெச்சதுதான் தப்பு. உங்க அத்தையாண்ட ஊக்கு ஒண்ணு வாங்கியா, போ."

அழுதுகொண்டே ஏறினேன். அத்தை தாவணிக் காலத்திலிருந்து வைத்திருந்த ஒரு ஊக்கை முந்தானையிலிருந்து கழற்றிக் கொடுத்து, என் கண்ணையும் துடைத்துவிட்டாள். மாப்பிள்ளை அதனால் சந்தனத்தைக் குத்தி எடுத்தார், வாயை வைத்து ஊதினார், சூரியனுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். எனக்கும் காட்டினார். மூடியின் நடுவே ஒரு பொட்டு வெளிச்சம்! நைனா ஓடிப்போய்க் கைப்பம்பை அடித்தார். நுரை வந்தது. நுரை போய் எண்ணெய் வந்தது. முடுக்கியதும் லாரி உறுமிய உறுமலில் சவுக்குத் தோப்பிலிருந்த காக்காயெல்லாம் பறந்தன. பெண்டுகள் போட்ட குலவை எண்ணூர் வரைக்கும் கேட்டிருக்கும். பெரியப்பா மறுபடி கோயில் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தாவுக்கே மூச்சு முட்ட வெச்சிட்டியேடி" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலிக்கவில்லை.

மாப்பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு காலை ஊன்றி நின்றார். "கடசியா ஒண்ணு. கொழந்தைக்கு இப்போ பசி அடங்கிச்சான்னு கேட்டுகினு வா."

"அடங்கிச்சாம். நேரமாவுது, போவச் சொல்றாங்க."

அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை. லாரி இப்போது குதிரை மாதிரி ஓடியது. ஆனால் மாப்பிள்ளை கொல்லை வழியாக வீட்டுக்குள் போய்ச் சேருவதற்கு முன்னால் நாங்கள் வாசலில் போய் நிற்கலாமா? தூரத்தில் சைக்கிள் கண்ணில் பட்டதும் நைனா லாரியை ஓரம் கட்டினார். நாலாவது தடவை அது நின்றது, நைனா நிறுத்தி நின்றது. அந்தக் கிழவி, "மறுபடியுமா?" என்று அலறினாள். பத்து நிமிஷம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பத்து மணிக்கு அத்தை கழுத்தில் தாலி ஏறியது. மாப்பிள்ளை ஒன்றும் தெரியாதவர் போலக் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். வேட்டி ஓரத்தில் கறுப்பாக ஒரு கறை இருந்ததை அவர் அம்மா மட்டும் இரண்டு தடவை பார்த்தாள்.

இவ்வளவு நல்லபடியாக நடந்தும் எனக்கு மட்டும் மனசில் ஒரு குறை. பந்தியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ரகசியமாகச் சொன்னேன். "மாப்பிள்ளை நல்லவர்தாம்மா. ஆனா பாவம், காது கேக்காது. நான் எதிர நின்னு கத்தியும் ஒண்ணையே ரெண்டு தபா கேட்டாரு. அத்தை மறுபடி சொல்லி அனுப்பினாத்தான் புரிஞ்சிது." அம்மா புடவையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். காது கேட்காதவரைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது.

இஞ்சின் நின்றுபோன ரோடு. அவர் நின்ற இடத்துக்கும் அத்தை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு நூல் புடவை. நான்தான் அவர்களுக்கு வாயும் காதும் என்று நினைத்து, முட்டி தேய ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது திருவொற்றியூர் தேரடியில் லாரியை நிறுத்திக் கற்பூரம் ஏற்றினார்கள். "ஆத்தா, எங்க புது மாமாவுக்கு நல்லா காது கேக்கணும்" என்று மனசுருகிக் கும்பிட்டு, காது கேட்டால் கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுவதாக வேண்டிக்கொண்டேன்.

மாமாவுக்குக் கடைசி வரைக்கும் பாம்புக் காது. அடுக்களையில் அத்தை முணுமுணுப்பது வாசலில் இருக்கிறவருக்குக் கேட்கும். அந்த வேண்டுதல் இன்னும் செலுத்தவில்லை.